பத்து சென்டிமீட்டர் கோடு

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, பேங்கிலிருந்து வரும் மெசேஜ் எல்லாம் என் கைக்கு வந்துதான் மற்றவர்களுக்குப் போகும். அதில் எனக்குப் பெருமை உண்டு. இத்தனைக்குப் பிறகும் உண்டு என்பதுதான் வெட்கமாக இருக்கிறது.

அப்பா தச்சு வேலை செய்பவர். அவனியாபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மரப்பட்டறை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கே அறுப்பும் இழைப்பும் அவர்தான். போன வருஷம் டீ கிளாஸைப் பிடிக்கும்போது அவருடைய வலது கை லேசாக நடுங்குவதை அம்மா பார்த்தாள். டாக்டர், வயசானால் சிலருக்கு வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அப்பா பயந்தார். நுணுக்கமான அறுப்பு வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறார் என்று பட்டறை முதலாளி என்னிடம் சொன்னார்.

அப்போதுதான் கிட்டார் செய்யும் யோசனை வந்தது. கல்லூரி விடுதியில் தோழியின் கிட்டாரில் வாசித்துப் பழகியவள் நான். சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதோடு, மயிரிழை பிசகாத வேலை ஒன்றை அப்பாவைச் செய்ய வைத்தால், அவர் கை மேல் அவருக்கே நம்பிக்கை வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வேலை நடந்தது. பக்கப் பலகையை நனைத்து, சூடான இரும்புக் குழாயில் வைத்து வளைப்போம். முதல் இரண்டும் ஒடிந்தன. “அப்பனும் மகளும் வீணை செய்யுறாக, வீணை,” என்று அம்மா அடுப்படியிலிருந்தே சொல்வாள். “வீணை இல்லம்மா, கிட்டாரு.” “எதுவோ ஒண்ணு. வெறகுக்காவது ஆகும்ல.”

கிட்டாரின் கழுத்தின் மேல் ஒட்டும் விரல்பலகைதான் அதற்கு உயிர். அதில் குறுக்கே பத்தொன்பது வெட்டுகள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஃபிரெட் என்ற கம்பியைப் பதிக்க வேண்டும். வெட்டு இடம் மாறினால் சுருதி போய்விடும். பழைய கட்டிலிலிருந்து எடுத்த ஈட்டி மரப் பலகையை அப்பா அதற்கென்றே வைத்திருந்தார். வெட்டுகள் வரவேண்டிய இடங்களைக் கோடு போட்டுக் காட்டும் வரைபடத்தை இணையத்தில் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் இரண்டு பிரதி அச்செடுத்து வந்தேன். அதைப் பலகையில் ஒட்டும்முன் அப்பா கேட்டார்.

“ஒருவாட்டி டேப்பு வச்சுப் பாத்துருவமா?”

“கம்ப்யூட்டர் கணக்குப்பா. தப்பே வராது.”

“அப்பச் சரி. அச்சுல வந்ததுல தப்பு வருமா.”

அவருக்கு அச்சடித்த எதுவும் அப்படித்தான். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாததால் வந்த மரியாதை அது.

அன்று முழுக்கச் சின்ன ரம்ப வாளால் அறுத்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். கை நடுங்கவே இல்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். முடித்ததும் பலகையைத் துடைத்து, “பத்தொம்போது. ஒண்ணாச்சும் கோட்ட விட்டு வெலகியிருக்கா பாரு,” என்றார். சாப்பாட்டில் அம்மாவிடமும் அதையே இரண்டு தடவை சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து, தந்திகளைத் தாங்கும் கட்டையை வரைபடத்தில் போட்டிருந்த எண்படி அளந்து ஒட்டித் தந்தி பூட்டினோம். விரல் வைக்காமல் மீட்டியபோது ஓசை கணீரென்று இருந்தது. அப்பா சிரித்தார். கீழே முதல் சில கம்பிகளில் சரியாக வந்தது. மேலே போகப் போகச் சுருதி பிசகியது. பன்னிரண்டாவதில் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வரவேண்டும், வரவில்லை. போனில் சுருதி பார்க்கும் முள் சிவப்பிலேயே நின்றது.

“சேரலையா?”

“சேரலப்பா.”

“எந்த எடத்துல?”

“மேல போகப் போக.”

அப்பா தன் வலது கையைப் புரட்டிப் பார்த்தார். “கடைசில அறுக்கையிலதான் அசந்திருக்கேன்,” என்றார். நான் மறுக்கவில்லை. அந்த நிமிஷம் நானும் அதைத்தான் நினைத்தேன். நடுங்காத கையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள், அப்படி நினைத்தேன்.

மறுநாளே பட்டறையில், இனிமேல் தேய்ப்பு வேலையும் பாலிஷும் மட்டும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். முதலாளி வீட்டுக்கே வந்தார். “என்னண்ணே, வெளையாட்டுச் சாமான் ஒண்ணு சரியா வரலன்னு வாள கீழ போடுவாகளா?” அப்பா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒட்டாமல் மீதி இருந்த பிரதியை எடுத்துப் பார்த்தேன். அடியில் சின்னதாக ஒரு கோடு. பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி: இந்தக் கோடு சரியாகப் பத்து சென்டிமீட்டர் இருக்கிறதா என்று அளந்த பிறகே பயன்படுத்தவும். ஸ்கேலை வைத்தேன். ஒன்பதே முக்காலுக்கும் குறைவு. தாளுக்குள் அடங்க வேண்டுமென்று கடையில் படத்தையே சுருக்கி அச்செடுத்திருக்கிறார்கள். எண்படி அளந்து ஒட்டிய கட்டை சரியான இடத்தில் இருந்தது, கோடுகள் மட்டும் நெருங்கிவிட்டன. பன்னிரண்டாவது கோடு, அப்பா கணக்கில் சொன்னால், மூன்று நூல் தள்ளிப் போயிருந்தது. இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். எங்கள் வீட்டில் அந்த வரியைப் படிக்கக்கூடியவள் நான் ஒருத்தி. படிக்கவில்லை.

சாயந்திரம் அப்பா வந்ததும் சொன்னேன். தாளைக் காட்டினேன். அவரே டேப்பை வைத்து அளந்தார்.

“பேப்பரு சுருங்கியிருக்கும்மா. மரமே ஐப்பசில ஒரு மாதிரி, சித்திரைல ஒரு மாதிரி. இது பேப்பரு.”

“சுருங்கலப்பா. நான்தான் படிக்காம விட்டுட்டேன்.”

“நீயா படிக்காம விட்ட?” என்று சிரித்தார். “எனக்காகச் சொல்ற தாயி. நீ படிச்ச புள்ள.”

கிட்டாரை எடுத்து வந்து அதன் மேல் தாளை விரித்தேன். கம்பிகள் ஒவ்வொன்றும் கோட்டுக்கு நேர் கீழே இருந்தன. பாருங்கப்பா என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஒரு வேங்கைப் பலகை வாங்கி வந்து, சரியாக அளந்து அச்செடுத்த புதுத் தாளை ஒட்டி அவர் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் கெஞ்சிய பிறகு வாளை எடுத்தார். முதல் கோட்டில் வைத்ததும் வாளின் பல் மரத்தில் டக் டக்கென்று தட்டியது. அவர் கை நடுங்கி மரத்தில் அந்தச் சத்தம் வந்து நான் கேட்டதே இல்லை. அவர் காதிலும் அது விழுந்தது. வாளை என் பக்கம் திருப்பி நீட்டினார்.

“நீயே அறும்மா. நான் புடிச்சுக்கிறேன்.”

அறுத்தேன். மூன்றாவது வெட்டு கோட்டை விட்டுக் கண்ணுக்குத் தெரியவே விலகியது.

“பரவால்ல, நல்லாத்தான் வருது,” என்றார் அப்பா. பட்டறையில் கோணலாக அறுத்த யாரிடமும் அவர் அப்படிச் சொன்னதில்லை.