இன்னும் வராத பம்பு

லிஃப்டில் ஆள் இல்லாதபோதுதான் தனபாலன் ஃபோனை எடுப்பார். சட்டை நுனியால் திரையைத் துடைப்பார். ஒரே ஒரு வரியை விரலால் தொட்டுப் பார்ப்பார். மறுபடி துடைத்துப் பையில் போட்டுக்கொள்வார்.

தி.நகர் துணிக்கடையில் அவர் லிஃப்ட் ஆபரேட்டர். நான் நாலாவது மாடியில் பில் போடுகிறவன். இதற்கு முன் அவர் ஒரு மோட்டார் கம்பெனியின் பம்பு பிரிவில் ஃபிட்டர். ஓய்வுபெற்றபின் கையில் மிஞ்சியது கம்பெனி கொடுத்த பங்குகள்தான். அந்தப் பம்பு பிரிவு தனிக் கம்பெனியாகப் போகிறது, பழைய பங்கு வைத்திருப்பவர்களுக்குப் புதியதும் கிடைக்கும் என்று அறிவிப்பு வந்திருந்தது.

“இன்னா மாமா, பொட்டிக்குள்ளயே ஷேர் மார்க்கெட்டா?” என்பான் பேக்கிங் காதர்.

“பம்பு வரட்டும்டா. நா செஞ்ச பம்பு, அத்த வச்சிக்குவேன். பழச வித்து எங்க ஊட்டுக்காரி முட்டிய மாத்தணும்.”

சிந்தாதிரிப்பேட்டையில் மூன்றாவது மாடி வீடு. மனைவி ஜோதிலட்சுமிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. டாக்டர் அவசரப்படுத்தியும், இப்போதே விற்றால் பம்பு பங்கு கிடைக்காதே என்று இவர்தான் தள்ளிப்போட்டார்.

ஒரு திங்கட்கிழமை திரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரே இரவில் விலை ஐந்தில் ஒன்றாகியிருந்தது. பங்குகளின் எண்ணிக்கை மாறவில்லை.

“பூட்ச்சு நைனா,” என்றார் என்னிடம். “அவகிட்ட சொல்லிடாத.”

அன்றே ஃபோனிலிருந்து அந்தப் பங்குச்சந்தை ஆப்பை அழித்தார். பங்கு பற்றி வந்த மெசேஜ் எதையும் திறக்கவில்லை. லிஃப்டில் தனியாக இருக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

தீபாவளிக்குக் கடையில் கொடுத்த இனிப்புப் பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

“பம்பு வந்துச்சா?” ஜோதிலட்சுமி கட்டிலைவிட்டு எழாமலே கேட்டார்.

“இன்னும் வரல.”

“அது வர்றதுக்குள்ள நா செத்து, புதுக் காலோட பொறந்துகினு வந்துடுவேன், போய்யா.”

தனபாலன் சிரித்தார். நான் இனிப்புப் பெட்டியின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் ஒருநாள் லிஃப்டைத் திறக்க அவர் வரவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். தெருவில் பாடையை வைத்துக் காத்திருந்தார்கள். ஜோதிலட்சுமி தன்னை யாரையும் தூக்க விடவில்லை. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து, மூன்று மாடியும் இறங்கி வந்தார்.

வாரிசுச் சான்றிதழ் கிடைத்ததும் அவரை ஆட்டோவில் பங்குத் தரகர் அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன். அங்கிருந்த பெண் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அந்தத் திங்கட்கிழமை ஒவ்வொரு பங்கையும் ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். விலை இறங்கியது அதனால்தான். மற்ற நாலு பங்கும் இரண்டு நாளில் கணக்கில் சேர்ந்துவிட்டன. எதுவும் நஷ்டமாகவில்லை. பம்பு கம்பெனியின் பங்குகளும் வந்திருந்தன, தீபாவளிக்கு முந்தின வாரமே.