எஞ்சின் நின்றதும் அழுத பிள்ளை

ஐந்து மாதக் குழந்தைக்கு எஞ்சின் சத்தம் தாலாட்டாக இருக்க முடியுமா? இன்னமும் எனக்கு விடை தெரியவில்லை.

இந்த வருடம், எழுபத்தொன்பதில் நடந்தது இது. கணவருக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. எங்கள் வாடகை வீட்டின் பின்மதிலுக்கு அப்பால் எண்ணெயில் ஓடும் மின்நிலையம். மலைநாட்டு அணைகளில் தண்ணீர் குறையும் மாதங்களில், ஊர் முழுவதும் விளக்குப் போடும் பின்னேரத்தில் மட்டும் அதை ஓட்டுவார்கள். சுவரே அதிரும். மகன் அப்படியொரு மாதமான இந்தத் தையில் பிறந்தான்.

வைகாசி கழிய இங்கே மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று சுட்டது. மலையிலோ நல்ல மழையாம். எஞ்சின் நின்றது. அப்பாடா என்றிருந்தேன். அன்றிலிருந்து பின்னேரமானால் மகன் வீறிட்டு அழுதான், பாலும் குடிக்கவில்லை. ஓமத்தண்ணீர் கொடுத்தேன், கொடுத்தது பிழையோ என்று பயந்தேன். ஆஸ்பத்திரியில் நிறை குறைந்திருக்கிறது, ஆனால் நோய் வருத்தம் ஒன்றுமில்லை என்றார்கள். சரியாகப் பார்த்தார்களோ என்று திரும்பவும் போனேன். என் பாலில்தான் குறையோ என்று மீனை விட்டேன். மீனை விட்டதுதான் குறையோ என்று மறுபடி சாப்பிட்டேன்.

ஒரு பின்னேரம் எங்கோ கம்பி அறுந்து ஊரே இருண்டது. அழுகிற பிள்ளையுடன் குசினியில் அடுப்பருகே நெருப்புப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அப்பால் இரண்டு மூன்று இருமல். எஞ்சின் பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் சும்மா கிடந்தது, சற்று நேரத்தில் தெருவுக்கே வெளிச்சம் கொடுத்துவிட்டது. பார்த்தால், பிள்ளை என் தோளில் நித்திரை.

அடுத்த வீட்டு முஸ்லிம் அக்கா, கிண்ணியா ஊர் ராத்தா, சிரித்தார். "இவனுக்குப் பொண்ணெடுக்கிறதெண்டா அரிசி மில்லுக்குப் பக்கத்திலதான் பாக்கணும் தங்கச்சி."

மறுநாள் பிள்ளையுடன் மின்நிலைய வாசலுக்குப் போய், வெட்கத்தை விட்டு எஞ்சின் பொறுப்பாளரிடம் கதையைச் சொன்னேன்.

"தாலாட்டுக்கு ஓட்ட ஏலாது பிள்ளை. அது குடிக்கிற எண்ணெய்க்கு என்னை வீட்டுக்கு அனுப்பிப்போடுவாங்கள். ஆனா அவசரத்துக்கு உடனே பிடிக்கவேணுமெண்டு கிழமைக்கு ஒருக்கா ஓட்டிப் பாக்கிறனாங்கள். அதைப் பின்னேரத்தில வைப்பம்."

சொன்னபடியே வைத்தார். அந்தப் பின்னேரங்களில் மகன் வயிறு நிறையக் குடித்து உறங்கினான், நானும் உறங்கினேன். மற்ற நாட்களில் அழுதாலும் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. நிறையும் மெல்ல ஏறியது. தேவைப்படாத நாளிலும் ஆயத்தமாகவே இருக்கும் அந்த மனிதர்களை, விளக்குப் போடும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது கணவருக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. போகிற ஊரில் எஞ்சின் இல்லை. இரவில் தவளைச் சத்தம் மட்டும்தானாம். அங்கே இவனை எப்படி உறங்கவைப்பது? அனுபவமுள்ள தாய்மார் யாராவது இந்தப் பத்திரிகைக்கு எழுதுவீர்களா?