சால்வை முடிச்சும் நெடுந்தீவு வள்ளமும்

இன்று ஊர்காவற்றுறைச் சந்தையில் என் மானம் போனது.

வேலைகள் மறக்காமலிருக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சாகச் சால்வையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். கடைக்காரர் கேட்டார்: "அண்ணை, இது சால்வையோ, மீன்வலையோ?"

உப்பு வாங்கி ஒரு முடிச்சை அவிழ்த்தேன். அடுத்ததை அவிழ்க்குமுன் கடலில் நெடுந்தீவிலிருந்து வரும் வள்ளத்தின் பாய் தெரிந்தது. மற்றதையெல்லாம் விட்டுவிட்டுத் துறைக்கு ஓடினேன். மகளை அந்தத் தீவில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறேன். கடலைக் கொந்தளிக்க வைக்கும் கச்சான் காற்று தொடங்கிய பிறகு அவள் இந்தப் பக்கம் வரவில்லை.

வள்ளக்காரர் கையை விரித்தார். "பிள்ளை இண்டைக்கும் வரேல்லை அண்ணை. இந்தக் காத்துக்கு ஆக்களை ஏத்த ஏலாது, சாமான் மட்டும்தான். நீங்கள் போய் உங்கட வேலையைப் பாருங்கோ."

"நான் தேங்காய் வாங்கத்தான் வந்தனான்," என்றேன். துறையில் ஏது தேங்காய்!

வீட்டில் மனைவி கேட்டாள்: "என்னப்பா, ஒரு வேலையும் முடியேல்லையோ?"

"நாளைக்கும் போகவேணும்," என்றேன்.

நாளைக்கும் வள்ளம் வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை.