தலை கிள்ளிய தீக்குச்சிகள்

எங்கள் எதிர்வீட்டு அண்ணனிடம் சிகரெட் பிடிக்கிறவர்கள் நெருப்பு கேட்டு ஏமாந்த கதை நிறைய உண்டு. சட்டைப் பையில் தீப்பெட்டி எட்டிப் பார்க்கும். கேட்டால் உடனே நீட்டுவார். திறந்து பார்த்தால் உள்ளே இருக்கிற குச்சி எதற்கும் தலை இருக்காது. எல்லாவற்றையும் முன்கூட்டியே கிள்ளி வைத்திருப்பார்.

"அண்ணே, இதை வெச்சு காதுதான் குடையலாம்."

"காதுக்கு வேணாம். உன் வீட்டு அலமாரிக் கதவு தொங்குதே, அதுக்கு வெச்சுக்க."

வேலை செருப்புக் கடையில். நாள் முழுக்க அடுத்தவர் காலடியில் குந்தி அளவு பார்ப்பார். வீட்டுக்கு வந்தால் எங்கள் கட்டடத்தில் எந்தக் கதவு ஆடுகிறதோ அங்கே போய்க் குந்துவார். மரத்தில் ஸ்க்ரூ பிடிப்பில்லாமல் சும்மா சுற்றுகிறதா? அதைக் கழற்றி, ஓட்டைக்குள் பசை தோய்த்த குச்சிகளை இறுக்கமாகச் செருகுவார். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை ஒடித்துவிட்டு, "காயற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது" என்று மிரட்டிவிட்டுப் போவார். மறுநாள் வந்து அதே ஸ்க்ரூவைத் திருகினால் புது மரத்தில் இறங்குவது போல இறங்கும். புதுக் கதவும் வேண்டாம், தச்சரும் வேண்டாம். முதல் தடவை பார்த்தபோது இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. என் மேஜைக் கால் இன்னும் அந்தக் குச்சிகளில்தான் நிற்கிறது.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. காரணம் அக்காவுக்கு, அதாவது அவர் மனைவிக்கு, வலிப்பு வரும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. குளியலறை நேராகக் கூடத்தில் திறக்கும் என்பதால் தாழ்ப்பாள் போடாமல் குளிக்க அக்காவுக்கு மனசு வரவில்லை. போட்டால் அண்ணனுக்கு உயிர் போய் உயிர் வரும். அதனால் இரண்டு பேரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்திருந்தார்கள். தாழ்ப்பாள் இருக்கும். ஆனால் அதன் ஸ்க்ரூக்கள் பேருக்குத்தான் இருக்கும். தோளால் ஓர் இடி இடித்தால் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அக்கா குளிக்கப் போனால் அண்ணன் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து கடைக்கதை பேசுவார். உள்ளிருந்து "ம்" வந்துகொண்டே இருக்க வேண்டும்.

எதிர்வீடு என்பதால் இது எனக்குத் தெரியும். அக்காவின் தம்பிக்குத் தெரியாது. தாய் இல்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தது அக்காதான். தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவான், சொல்லக் கூடாது என்று அண்ணனிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

தம்பிக்கு ஓட்டலில் சப்ளையர் வேலை. அவன் சட்டைப் பையில் எப்போதும் பல் குத்தும் குச்சி ஒரு கொத்து இருக்கும். லீவு கிடைத்தால் அக்கா வீட்டுக்கு ஓடி வந்துவிடுவான். கடைசியாக வந்தபோது சாப்பிட்டுக் கை கழுவியவன் அந்தத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தான்.

"அத்தான், ஊர் வீட்டுக் கதவெல்லாம் இறுக்கறீங்க. உங்க வீட்டுத் தாழ்ப்பாள் விழப்போற பல்லு மாதிரி ஆடுது."

"நேரம் இல்ல மாப்ள."

"நான் போடட்டுமா? நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

"உன் கை பட்டா கதவே கையோட வந்துடும். பேசாம படு."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துவிட்டது என்றுதான் அண்ணன் நினைத்தார்.

மறுநாள் அண்ணன் கடைக்குப் போன பிறகு, அக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில், தம்பி வேலையை முடித்துவிட்டான். அக்கா வந்ததும் தாழ்ப்பாளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டான். அவர்களாகவே கண்டுபிடித்துச் சந்தோஷப்படட்டும் என்ற ஆசை அவனுக்கு.

அடுத்த நாள் காலையில் அக்கா குளிக்கப் போனார். தாழ்ப்பாள் ஆடாமல் நகர்ந்ததைக் கவனித்தாரா, தெரியவில்லை. அண்ணன் முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் வேறு வேறு அளவு கேட்ட ஒரு கிழவரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ம்" வந்தது. அடுத்த "ம்" வரவில்லை. வாளி உருளும் சத்தம் கேட்டது.

அண்ணன் தோளால் இடித்தார். கதவு திறக்கவில்லை. மறுபடி இடித்தார். அவர் போட்ட சத்தத்தில் நான் ஓடினேன், மேல்மாடிக்காரர் ஓடி வந்தார். மூன்று பேர் சேர்ந்து இடித்தும் தாழ்ப்பாள் அசையவில்லை. கடைசியில் கடப்பாரை கொண்டுவந்து கீழ்ப்பலகையைப் பிளந்தோம். அக்கா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் கவிழ்ந்து கிடந்தார். முகம் தண்ணீருக்குள் இருந்தது.

டாக்டர் வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அண்ணன் செய்ததை எங்கள் கட்டடத்தில் இன்றைக்கும் புத்தி பேதலித்த செயலாகத்தான் சொல்கிறார்கள். அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருக்கிறது. பெண்கள் அழுகிறார்கள். இவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பிளந்த கதவின் முன்னால் குந்தினார். தாழ்ப்பாளின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் திருகினார். சுலபத்தில் வரவில்லை, அவ்வளவு நல்ல வேலை. வெளியே வந்த ஸ்க்ரூவின் மரையில் வழவழப்பான குச்சிச் சிலும்புகள் சுற்றியிருந்தன. தீக்குச்சி அப்படி இருக்காது. பல் குத்தும் குச்சி அது.

அண்ணன் அதை விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு ஓட்டைக்குள் ஆணியை விட்டு ஒரு சிலும்பு விடாமல் சுரண்டி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். தீப்பெட்டியைத் திறந்து தலையில்லாத குச்சிகளை ஓட்டைகளில் அடைத்தார். பசை தொடவில்லை. ஈரம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. தாழ்ப்பாளைப் பக்கத்தில் தரையில் போட்டுவிட்டு அக்காவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார்.

சாயந்திரம் தம்பி வந்து சேர்ந்தான். வாசலிலேயே யாரோ வலிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். அக்கா காலைப் பிடித்துக்கொண்டு அழுதவன், தலை நிமிர்ந்தபோது அந்தக் கதவைப் பார்த்தான்.

"அத்தான்... அந்தத் தாழ்ப்பாள்... நான்தான்..."

"நீ போட்டதா?" அண்ணன் அவனைப் பார்க்காமலே சொன்னார். "அது நேத்தே கழண்டு கையோட வந்துடுச்சு. பல் குத்தற குச்சி வெச்சா நிக்குமா? திரும்ப நான்தான் போட்டேன்."

தம்பி எழுந்து போய் அந்த ஓட்டைகளைத் தடவிப் பார்த்தான். ஒரு குச்சியை நகத்தால் நெம்பி எடுத்தான். தலை கிள்ளிய தீக்குச்சி.

"வலிப்பு வரும்னு தெரிஞ்சேதான் இறுக்கினீங்களா?"

"மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்க." அவன் குச்சியைத் தூக்கி எறிந்தான். "எங்க அக்காவைக் கொன்னுட்டு, மறந்துட்டேன்னு சொல்றீங்க."

அண்ணன் தலையை ஆட்டினார். ஆமாம் என்பது போலத்தான் ஆட்டினார். அக்காவைத் தூக்கும்வரை தம்பி இருந்தான். பிறகு சொல்லிக்கொள்ளாமல் போனான். அதோடு அந்த வீட்டுக்கு வரவில்லை. அண்ணனுக்கு வேறு உறவு என்று யாரும் இல்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"ஏண்ணே நீங்க போட்டதாச் சொன்னீங்க? அக்காவோட தம்பி வேணும்னா செஞ்சார்?"

"அவன்கிட்ட அந்த வியாதியை மறைச்சது யாரு? நாங்கதானே." புதுக் குளியலறைக் கதவில் கீலைப் பொருத்திக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. "அவனை வளர்த்தவ அவ. அவன் தூக்கம் கெட்டா என்னைத்தான் கேப்பா."

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே வைக்கவில்லை. இப்போதும் கட்டடத்தில் கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போகிறார். குளியலறைத் தாழ்ப்பாள் என்றால் மட்டும் தீப்பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார். ஏன் கேட்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

சில சமயம் கடையிலிருந்து வந்ததும் முக்காலியைப் பழைய இடத்திலேயே போட்டுக்கொண்டு தம்பிக்குப் போன் போடுவார். மணி முழுதாக அடிப்பதற்குள் அந்தப் பக்கம் தம்பி துண்டித்துவிடுவான்.

"எடுக்கல. இன்னும் கோவம் இருக்கு" என்பார் என்னிடம். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.