அப்பா வாங்கிய அரைத் தொன் ட்ரக்

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முந்திய வசந்தத்தில் ஒரு வீடு வாங்கினார். சக்கரம் பூட்டிய வீடு. அவருடைய பழைய சுப்பர்வைசர், ஒரு வெள்ளைக்காரக் கிழவர், பீற்றர்பரோ நகருக்கு அப்பால் ஏரிக்கரையில் இருக்கிறார். மனைவி இறந்துபோன பிறகு தன் ட்ரெய்லரை விற்கப்போகிறேன் என்று அவர் சொன்னதும் அப்பா கையைக் குலுக்கிவிட்டு வந்துவிட்டார். பிஃப்த் வீல் என்ற வகை. மற்ற ட்ரெய்லர்களைப்போலக் காரின் வாலில் கொளுவி இழுக்க முடியாது. இதன் தலைப்பக்கம் பிக்கப் ட்ரக்கின் பின்னாலுள்ள திறந்த பெட்டிக்கு மேலே ஏறி, பின்சில்லுகளுக்கு நேர் மேலே உட்காரும். உள்ளே அடுப்பு, கட்டில், குளிக்கும் அறை எல்லாம் உண்டு. கோடை முழுக்க ஏரிக்கரைதான் என்று அம்மா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்துச் சொல்லிவிட்டார்.

வீடு இருந்தது. இழுக்க ட்ரக் இல்லை.

"நீதானே படிச்சனி. என்ன ட்ரக் வேணுமெண்டு வடிவாப் பாத்துச் சொல்லு" என்றார் அப்பா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, பட்டமும் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் ஆங்கிலத்தில் அச்சடித்து வீட்டுக்குள் வரும் எதுவும் என் மேசைக்குத்தான் வரும். வங்கிக் கடிதம், அம்மாவின் இரத்தப் பரிசோதனை, குப்பை எடுக்கும் நாட்கள். அதெல்லாம் வாசித்துச் சொல்கிற வேலை. வாசித்து முடித்ததும் முடிவை அவர்களே எடுப்பார்கள். இந்தமுறை என்னிடம் முடிவையே கேட்டிருந்தார். மார்க்கம் நகரில் இருக்கும் என் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டோடு ட்ரக்குகளைத்தான் வாசித்தேன். கிழவருக்குப் போன் செய்து ட்ரெய்லரின் நிறையைக் கேட்டேன். அவர் சந்தோஷமாக நெடுநேரம் பேசினார்.

விளம்பரங்கள் ஒரு ட்ரக் எவ்வளவு இழுக்கும் என்பதைத்தான் பெரிதாகச் சொல்லும். பிஃப்த் வீலுக்கு அது மட்டும் காணாது. எவ்வளவு சுமக்கும் என்று பார்க்கவேண்டும். சாமான் நிரப்பினால் எங்கள் ட்ரெய்லர் பத்தாயிரம் இறாத்தல் வரும். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கூடுதலான பாரம் நேராக ட்ரக்கின் முதுகில் இறங்கும். அதோடு அதைத் தாங்கும் இரும்பு ஹிச், அப்பா, அம்மா, அம்மா கட்டாயம் கொண்டுவரப்போகும் அரிசி மூட்டை. வீதியில் ஓடும் பிக்கப்களில் முக்கால்வாசி, அரைத் தொன் என்று சொல்லப்படும் வகை. அது இந்தப் பாரத்துக்கு உதவாது. அதிலும் தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை என்று சொகுசு கூடக் கூட, சுமக்கும் அளவு குறைந்துகொண்டே போகும். நான் கண்ட முடிவு இது: அதற்கு அடுத்த பெரிய வகையான முக்கால் தொன், நீளப் பெட்டி, துணி இருக்கை. பார்க்க ஒரு மேசன் வேலைக்காரனின் ட்ரக் மாதிரி இருக்கும். ஆனால் சுமக்கும்.

எங்கள் வீட்டுக் கார்கள் எல்லாவற்றையும் ஒரே அண்ணைதான் விற்றவர். சொந்த நாட்டில் அப்பாவின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஸ்காபரோவில் கார் விற்கும் வேலை. எங்கட ஆள் இருக்கும்போது வேறு இடத்தில் விலை விசாரிப்பதுகூட வீட்டில் நன்றி கெட்ட செயல். ஆகவே அவரிடம் போனோம். அவர் எங்களை நேரே கொண்டுபோய் நிறுத்தியது கருஞ்சிவப்பு அரைத் தொன் ஒன்றின் முன்னால்.

"ஏறி இருந்து பாருங்கோ அண்ணை. வீட்டு ஹோலிலை சோபாவிலை இருக்கிற மாதிரி இருக்கும்" என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா ஏறினார். தோல் இருக்கையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். நான் கதவுத் தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினேன். ஆட்களும் சாமானும் சேர்த்து இந்த ட்ரக் எவ்வளவு தாங்கும் என்று தயாரித்தவனே அதில் எழுதியிருப்பான். ஆயிரத்து ஐந்நூறு இறாத்தல்.

"அண்ணை, உது காணாது. ட்ரெய்லரின்ரை தலை மட்டுமே ரெண்டாயிரத்துக்கு மேலை" என்றேன்.

"தம்பி, உது கொம்பனிக்காரன் தன்னைக் காப்பாத்த ஒட்டிறது. பாண் பக்கற்றிலையும்தான் திகதி போட்டிருக்கிறான். அடுத்த நாள் சாப்பிட்டா செத்தே போறம்?"

அப்பா சிரித்தார். நான் விடவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் அண்ணை என் தோளில் கைபோட்டுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"நீங்கள் சொல்லுறதுதான் சரி. முக்கால் தொன் ஒண்டு தேடி எடுத்துத் தாறன். அப்பாவோடை நான் கதைக்கிறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

நம்பினேன். அன்றிரவு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா போன் எடுத்து, வேலை முடிந்து நேரே கோயிலுக்கு வா, ஒரு அர்ச்சனை என்றார். போனேன். வாகனங்கள் நிறுத்துமிடத்தில் அந்தக் கருஞ்சிவப்பு ட்ரக் நின்றது. முகத்தில் மாலை, கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும், சில்லுக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். ஐயர் கர்ப்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணை தேங்காயோடு நின்றார்.

"அப்பா, உது..."

"நீயும் ஓம், வாங்கலாம் எண்டனியாம். தம்பி சொன்னவர்" என்றார் அப்பா, ட்ரக்கைப் பார்த்தபடி.

அப்பாவுக்குத் தம்பி, எனக்கு அண்ணை. நான் அவரைப் பார்த்தேன்.

"நான் எப்ப அண்ணை ஓம் எண்டனான்?"

"முதல்லை நல்ல காரியம் முடியட்டும் தம்பி."

"இல்லை, எப்ப சொன்னனான்?"

"சத்தம் போடாதை, ஐயர் நிக்கிறார்" என்றார் அம்மா.

அப்பா ஏறி ட்ரக்கை முன்னால் உருட்டினார். பழங்கள் நெரிந்தன. எங்கள் ஆட்களுக்கு அதற்குப் பிறகு அது வாகனம் இல்லை, வீட்டில் ஒரு ஆள். திருப்பிக் கொடுப்பதைப்பற்றி வாய் திறந்தாலே அபசகுனம். கார் விற்கும் லொட்டில் இருந்து வீட்டுக்குக்கூட விடாமல் நேரே கோயிலுக்குக் கொண்டுவரச் சொன்னது அண்ணைதான் என்று பிறகு அறிந்தேன். எலுமிச்சம்பழமும் அவர் வாங்கியதுதானாம்.

வீட்டுக்கு வந்ததும் குசினியில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அண்ணை பொய் சொல்லியிருக்கிறார், அப்பாவை ஏமாற்றியிருக்கிறார் என்று படபடவென்று சொன்னேன். அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அப்பா ஏமாறேல்லை ராசா. நீ ஓம் எண்டிருக்க மாட்டாய் எண்டு அவருக்குத் தெரியும்."

"பிறகு?"

"ஆசைப்பட்டிட்டார். காரை எங்களுக்கு விட்டிட்டு இவ்வளவு காலமும் பஸ்ஸிலை வேலைக்குப் போய்வந்த மனிசன். திரும்ப உன்னைக் கேட்டா நீ வேண்டாமெண்டுவாய். நீ வேண்டாமெண்ட பிறகு வாங்கினா அது உன்னை மதிக்காத மாதிரி. அதுதான் கேக்கேல்லை."

அண்ணையின் பொய்யை எனக்கு வைக்க ஒரு இடம் இருந்தது. விற்கிறவர், விற்றார். அப்பாவுடையதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என்னுடைய ஓம் அவருக்கு வேண்டியிருந்தது. அதை நான்தான் சொல்லவேண்டும் என்று இருக்கவில்லை. பெற்றோரிடம் கோபப்படுவது எப்படி என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மேலே போய்ப் படுத்துவிட்டேன்.

ட்ரெய்லர் எடுக்கும் நாளில் வரமாட்டேன் என்று சொல்லத்தான் இருந்தேன். ஆனால் நான் போகாவிட்டாலும் அவர்கள் போவார்கள். அந்த ட்ரக்கில் அதை ஏற்றிக்கொண்டு, இரண்டுபேருமாக, நெடுஞ்சாலையில் வருவார்கள். போனேன்.

கிழவர் முற்றத்தில் காத்திருந்தார். அப்பா ட்ரக்கைப் பின்னால் எடுத்து ஹிச்சை ட்ரெய்லரின் தலைக்குக் கீழே சரியாகக் கொண்டுபோய்ப் பொருத்தினார். கிழவர் ஒரு பொத்தானை அழுத்த, ட்ரெய்லரைத் தாங்கி நின்ற முன்கால்கள் மெல்ல மடங்கத் தொடங்கின. பாரம் ட்ரக்கின் மேல் இறங்கியது. ட்ரக்கின் பின்பக்கம் தாழ்ந்தது, தாழ்ந்துகொண்டே போனது, மூக்கு மேலே எழும்பியது. பின்சில்லுக்கும் அதன்மேல் வளைந்த மட்காட்டுக்கும் நடுவே ஒரு விரல் விடக்கூட இடமில்லை. கிழவர் கையை எடுத்தார். பிறகு மற்றப் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் திரும்ப மேலே தூக்கினார். இந்த ட்ரக்கோடு இதை என் முற்றத்தைவிட்டு வெளியே போக விடமாட்டேன், முதல் இறக்கத்திலேயே முன்சில்லு நிலத்தைப் பிடிக்காது என்று ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார்.

"என்ன சொல்லுறார்?" அப்பா கேட்டார்.

"இந்த ட்ரக் காணாதாம். இழுக்குமாம், சுமக்காதாம்."

"ஓ."

அவ்வளவுதான். ஒரு எதிர்ப்பேச்சு இல்லை. "அவருக்குத் தெரியும், எத்தினை வருஷம் இழுத்த ஆள். எது சரிவருமெண்டு கேள்" என்றார்.

கேட்டேன். கிழவர் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன்.

"முக்கால் தொன். நீளப் பெட்டி."

அப்பா கவனமாகத் தலையாட்டினார். அதே சொற்கள், அதே வாய். இப்போது அவை வேறொருவருக்குச் சொந்தமாக இருந்தபடியால் உள்ளே போயின.

கிழவர் என்னைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். இதையெல்லாம் வசந்தத்தில் நாம் போனில் பேசினோமே, உன் அப்பாவிடம் நீ சொல்லவில்லையா என்றார்.

"இப்ப என்னவாம்?"

மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் விட்டிருக்கலாம். "இதை நான் உங்களுக்குச் சொல்லேல்லையோ எண்டு கேக்கிறார்" என்றேன்.

அப்பா தொப்பியைக் கழற்றி ஏரிப்பக்கம் பார்த்தார். ட்ரெய்லருக்குள் அம்மா அலுமாரிக் கதவுகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"சொன்னவன் எண்டு சொல்லு."

நான் ஆங்கிலத்தில், சொன்னேன் என்றேன். கிழவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சரி, ட்ரெய்லர் எங்கேயும் ஓடாது என்றார். அப்பா என்னிடமும் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் ட்ரக்கில் ஏறிவிட்டார்.

திரும்பி வரும் வழியில், ஐயரைக் கேட்டுவிட்டுத்தான் இதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அம்மா பின்னால் இருந்து முணுமுணுத்தபடி வந்தார். அப்பா அண்ணைக்குப் போன் போட்டார். ட்ரக் முழுக்க அண்ணையின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

"தம்பி, உதை மாத்த வேணும். மகன் முக்கால் தொன்தான் சரியெண்டு நிக்கிறார்."

"நான் அண்டைக்கே சொன்னனான் எல்லே அண்ணை, படிச்ச பிள்ளை சொல்லுறதைக் கேளுங்கோ எண்டு."

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் வீதியைப் பார்த்தார்.

"ஓமோம். சொன்னனீர்தான்."

"தம்பியும் பக்கத்திலையோ? தம்பி, என்ன கலர் பிடிக்கும்? நீங்கள் சொல்லுறதுதான்."

அம்மா பின்னால் இருந்து, "வெள்ளையெண்டால் வடிவு" என்றார்.

"மகனுக்கு வெள்ளைதான் விருப்பமாம்" என்றார் அப்பா.