ரேடியேட்டர் நிறைந்திருந்தது: வேப்பந்தட்டையிலிருந்து அரியலூருக்கு ஒரு லாரிப் பயணம்

இந்த வலைப்பூவுக்கு அருவியும் கோட்டையும் பரோட்டாக் கடையும் தேடி வருகிறவர்கள் இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள். போன ஆவணியில் நான் கிளம்பியது ஊர் சுற்ற அல்ல. தை மாதம் இறந்துபோன என் அண்ணனின் டிப்பர் லாரியை வேப்பந்தட்டையிலிருந்து அரியலூரில் கொண்டுபோய் விட. அங்கே சுண்ணாம்புக்கல் லோடு அடிக்க ஒருவர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். அண்ணிக்கும் பிளஸ் டூ படிக்கும் மகளுக்கும் இனி அந்த வண்டிதான் சோறு போட வேண்டும்.

காலை ஆறரைக்கு வண்டியை எடுத்தோம். டிரைவர் செல்வராசு, நடுவில் நான், ஜன்னலோரம் அண்ணி. மாதக்கணக்கில் நின்ற வண்டி என்பதால் முந்தின நாளே புது பேட்டரி போட்டாகிவிட்டது. கிளம்புமுன் செல்வராசு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். விளிம்புவரை தண்ணீர்.

"நாந்தான் ஊத்துனேன்" என்றார் அண்ணி. "வெள்ளிக்கிழமையானா வண்டியத் தொடச்சிட்டு, கொறஞ்சிருந்தா அரை டம்ளர் போர் தண்ணி ஊத்திடுவேன். காய விடல தம்பி." அவர் முகத்தில் அப்படியொரு பெருமையைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால், ஆயில் அளவுக் கோட்டைத் தாண்டி நின்றது. "அண்ணன் தாராளமா ஊத்தி வச்சிட்டுப் போயிருக்காரு" என்று செல்வராசு சிரித்தார். வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத நானும் சிரித்தேன்.

பெரம்பலூர் பதினைந்து கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்ட் பக்கம் இட்லி சாப்பிட்டோம். மூன்று பேருக்கு நூற்று நாற்பது ரூபாய், சட்னி சுமார்தான். அண்ணி இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அங்கிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். எதிரே வரிசையாக சிமெண்ட் லாரிகள், அவற்றின் பின்னால் புழுதி.

குன்னம் தாண்டியதும் ஆயில் விளக்கு எரிந்தது. இன்ஜினுக்குள் சுத்தியல் அடிக்கிற சத்தம். செல்வராசு ஓரங்கட்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. அப்புறம் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தும் அசையவில்லை.

போன் செய்ததும் அரியலூரிலிருந்து மெக்கானிக் காதர் பாய் பைக்கில் வந்தார். இன்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே இல்லை. பிறகு திறந்து, துருப்பிடிக்காமல் காக்கும் கூலண்ட் கலந்திருக்கிறதா என்று காட்டும் ஒரு சோதனைத் தாளை உள்ளே நனைத்து, அதன் நிறத்தை டப்பாவின் மேலிருந்த நிறங்களோடு ஒப்பிட்டார். "கூலண்டே இல்லியே! எத்தன வருசமா வெறுந்தண்ணி ஓடுது?" அண்ணன் இருந்தபோதும் போர் தண்ணீர்தான். அதுவும் சுண்ணாம்பு பூமியின் தண்ணீர்.

பிறகு வண்டிக்கு அடியில் புகுந்து, ஆயிலை வடிக்கும் டிரெயின் நட்டைத் தளர்த்தினார். கறுப்பாக ஆயில் வரவில்லை. பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழவென்று எதுவோ வந்தது.

"கூலண்ட் இல்லாம அரிச்சு, பிஸ்டன் ஓடுற குழா இருக்கே, அந்த லைனர்ல பொத்தல் உளுந்திருக்குங்க. அது வழியா தண்ணி எறங்கி ஆயில் தொட்டியில சேந்திருக்கு. தண்ணிக்கு மேல ஆயில் மெதந்தா குச்சியில கூடுதலாத்தான் காட்டும். தண்ணி கலந்த ஆயில்ல ஓடுனா இன்ஜின் புடிச்சிக்கும்."

அண்ணி அருகில் வந்தார். "பாய், நான் ஊத்துன தண்ணியா?"

"பொத்தல் முன்னாடியே உளுந்ததுங்க்கா. அது ஒங்களால இல்ல."

"நான் அதக் கேக்கலைங்களே."

பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். "நீங்க ஊத்துனதுதாங்க்கா, அடியில நின்னுருக்கு."

அண்ணனின் சாவில்கூட ஊரார் முன் அழாதவர், ரோட்டோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவ்வளவு பிரியமாகச் செய்த ஒன்று இப்படி முடிந்தது.

இன்ஜினைச் சரிசெய்ய ஆகும் செலவுக்கு வண்டியே பெறாது என்றார் பாய். அதை இரும்பு விலைக்குத்தான் கொடுத்தோம். லோடு வேலை வேறு லாரிக்குப் போய்விட்டது. அண்ணி இப்போது பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறார்.

லாரி வைத்திருப்பவர்கள் இதை மட்டும் கவனியுங்கள். வெறும் போர் தண்ணீர் வேண்டாம். சுத்திகரித்த தண்ணீரில் கம்பெனி சொன்ன அளவுக்குக் கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். சோதனைத் தாள் மலிவுதான், சர்வீஸுக்குச் சர்வீஸ் ஒன்றை நனைத்துப் பாருங்கள். வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல் அளவு குறைந்தால், ஊற்றுவதற்கு முன் அது எங்கே போகிறது என்று பாருங்கள். வெகுநாள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் டிரெயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வந்தால் சாவியைத் தொடாதீர்கள்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அண்ணியிடம் கேட்டேன்.

"எழுது தம்பி" என்றார். "எங்கயாவது இன்னொருத்தி ஊத்திக்கிட்டு இருப்பா."