பச்சைத் தண்ணீருக்குப் போட்ட ஜமக்காளம்

மீன் தொட்டி பராமரிக்கிறவனை யாரும் மீன் நன்றாக நீந்தும்போது கூப்பிடுவதில்லை. தண்ணீர் பச்சையானதும்தான் என் நம்பர் அவர்களுக்கு ஞாபகம் வரும். வீட்டில் நிஜச் செடி வளர்க்கும் தொட்டியை வைத்துக்கொண்டு, ஒருநாள் காலையில் கீரை மசியலைப் பார்த்து விழித்த என் சக பாவிகளே, இது உங்களுக்காக.

பிளாஸ்டிக் மிரட்டல்

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிப் பக்கம் சேஷாத்ரி சார் வீடு. ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். கூடத்தில் நாலடித் தொட்டி. மகள் வைதேகி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். மூன்று வருஷமாக ஒவ்வொரு செடியாக நட்டு அதை ஒரு குட்டிக் காடாக வளர்த்திருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். காடும் இல்லை, மீனும் இல்லை. பச்சைப் பெயின்ட் டப்பாதான் இருந்தது.

இதைவிட மோசமானதெல்லாம் பார்த்தவன் நான். பொன்மலை ரயில்வே குடியிருப்பில் ஒரு தொட்டி இப்படித்தான் பச்சையாகி, பக்கத்து வீட்டு ஆடு மூன்று நாள் கண்ணாடியை நக்கிக்கொண்டே நின்றது. நம்பாதவர்கள் ஆட்டையே கேட்டுக்கொள்ளலாம். சேஷாத்ரி சாரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வைதேகியைப் பொண் பார்க்க மாப்பிள்ளையாத்துக்காரா வரா ஓய். அதுக்குள்ள தெளியலைன்னா அத்தனை செடியையும் பிடுங்கிப் போட்டுட்டு, பிளாஸ்டிக் செடி வாங்கி வச்சுடுவேன்!"

வைதேகியின் முகம் போன போக்கைப் பார்த்தேன். என் உயிர் இருக்கும்வரை அந்தத் தொட்டிக்குள் பிளாஸ்டிக் நுழையாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

தினம் ஒரு திருமஞ்சனம்

"கலங்கினதிலேர்ந்து என்ன செஞ்சீங்க சார்?" என்றேன். பெருமையாகச் சொன்னார். காலையில் ஸ்நானம் முடித்து, மடியாக வந்து, பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, குடம் குடமாகப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறாராம். உயரத்திலிருந்து, அபிஷேகம் மாதிரி. அடியில் செடிக்காகப் போட்ட எரு மண் தினமும் கிளம்பி மேலே வந்தால் பாசிக்கு அதுதானே விருந்து?

"சார், தயவுசெஞ்சு குடத்தைக் கீழே வைங்க. ஞாயிறு வரைக்கும் தொட்டிப் பக்கமே வராதீங்க" என்றேன். முப்பது வருஷம் பையன்களை பெஞ்சு மேல் ஏற்றியவரை நான் மூலையில் நிறுத்திவிட்டேன். அவருக்குத் தாங்கவில்லை.

"சுத்தமா இருக்கறது ஒரு தப்பா ஓய்?"

நாற்பத்தெட்டு நாள் பொரி

கையை விட்டு அடிமண்ணைத் துழாவினேன். கொழகொழவென்று வந்தது. முகர்ந்தால் ஊசிப்போன சோற்று வாடை. விசாரித்தால் சாரின் மனைவி, மாமி, மெதுவாகச் சொன்னார். பெண்ணுக்கு வரன் அமைய, மீனுக்கு நாற்பத்தெட்டு நாள் பொரி போடச் சொல்லியிருக்கிறார் ஜோசியர். நாற்பது நாள் ஆயிற்று. தினம் இரண்டு கைப்பிடி. அந்த மீன்கள் ஒவ்வொன்றும் ஒரு பொரி அளவுகூட இருக்காது!

"மாமி, அம்மா மண்டபம் படித்துறையில இருக்கறதும் மீன்தான். மிச்ச எட்டு நாளைக்கு அங்க போய்ப் போடுங்க. புண்ணியம் குறைஞ்சா என் கணக்குல எழுதிக்கச் சொல்லுங்க" என்றேன். மாமி யோசித்துவிட்டுக் கேட்டார்:

"பாதியில மீனை மாத்தினா கிரகம் ஒத்துக்குமோ?"

பாயின் பாட்டில்

பாலக்கரையில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் பஷீர் பாய் என் சிநேகிதர். போன் போட்டேன். "பாசி மருந்து ஒரு பாட்டில் ஊத்துங்கண்ணே, சாயங்காலமே கண்ணாடி" என்றார். எனக்கும் தெரியும். கூடவே தொட்டியில் மேயும் குட்டி இறால் சாகும், பாதிச் செடி கருகும் என்பதும் தெரியும். மருந்து வேண்டாம், நாலு நாள் தொட்டியை மூடி இருட்டில் வைக்கப் போகிறேன், வெளிச்சம் இல்லாமல் அந்தப் பாசி எத்தனை நாள் தாங்கும் பார்க்கிறேன் என்றேன். பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணே, இதை வாத்தியாருகிட்டச் சொன்னீங்கன்னா, முதல்ல உங்க மேலதான் துணியைப் போட்டு மூடுவாரு!"

லால்குடி மீன்

புதன் காலையில் கறுப்புப் போர்வையோடு போய் நின்றேன். சுபகாரியம் பேசப்போகிற வீட்டில் கறுப்பா என்று மாமி அலறினார். கடைசியில் அரக்குக் கலர் ஜமக்காளம் கிடைத்தது. இரண்டாக மடித்து, ஒரு பொட்டு வெளிச்சம் போகாமல் சுற்றிக் கட்டினேன். உள்ளே காற்றுக் குழாய் மட்டும் ஓடியது. இரை கிடையாது.

மூடிய பொருளைத் திறந்து பார்க்காமல் இருக்க மனிதனால் முடியாது என்பது நாம் அறிந்ததுதானே! அதனால் ஒரு போடு போட்டேன்: நடுவில் திறந்தால் மீனுக்குக் கண் போய்விடும், லால்குடியில் ஒரு மீன் அப்படித்தான் இன்றுவரை தடவித் தடவி இரை தின்கிறது. சேஷாத்ரி சார் நம்பிவிட்டார். வைதேகி மட்டும் லேப்டாப்பைத் தூக்கிவந்து தொட்டிக்குக் காவலாக உட்கார்ந்துகொண்டு கேட்டாள்:

"அங்கிள், அந்த லால்குடி மீன் இப்போ கண்ணாடி போட்டுண்டிருக்கா?"

ஞாயிற்றுக்கிழமை

காலை ஆறு மணிக்கு ஜமக்காளத்தை அவிழ்த்தேன். பச்சை போய்விட்டது, செத்த பாசி சாம்பல் புகையாக நின்றது. பாதித் தண்ணீரை மெல்ல எடுத்து, முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீரை, அடிமண் கிளம்பாமல் ஒரு தட்டின் மேல் விழவிட்டு நிரப்பினேன். பத்து மணிக்குத் தொட்டிக்குள் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. செடிக்கு நடுவில் மீன்கள் காற்றில் தொங்குவது போலிருந்தது. மாப்பிள்ளை வந்தார், நேரே தொட்டிக்குப் போனார், மோதிரம் போட்ட விரலால் கண்ணாடியைத் தட்டினார். மீன்கள் சிதறி ஓடின.

"தட்டாதீங்கோ, அதுக்கு இடி விழுந்த மாதிரி இருக்கும்" என்றாள் வைதேகி. "மீன் என்ன, கம்ப்ளெயின்ட்டா பண்ணப்போறது?" என்று மறுபடி மூன்று தட்டு. அவர்கள் படியிறங்கியதும் வைதேகி இந்த வரன் வேண்டாம் என்றுவிட்டாள். சேஷாத்ரி சார் என்மேல் பாய்ந்தார். "பச்சையாவே இருந்திருந்தா அவன் கிட்டயே போயிருக்க மாட்டான் ஓய்! கல்யாணம் நடந்திருக்கும்! இந்தத் தொட்டியே இங்கே வேண்டாம்!" நான் வாயைத் திறப்பதற்குள், அவள் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தொட்டி இங்கேதான் இருக்கும்ப்பா. தட்டாதவனா ஒருத்தனைப் பாருங்கோ!"

தண்ணீரைத் தெளியவைப்பது மட்டுமே என் தொழில்; தெளிந்தபின் அதன் வழியே யாருக்கு என்ன தெரிந்துவிடுகிறது என்பதற்கு நான் பொறுப்பில்லை.